உள்காதில் இருந்த காரணம்: டிபர்சனலைசேஷன் என்று முத்திரை குத்தப்பட்ட என் கேஸ்

எனக்கு உடம்பு சரியில்லாமல் இருந்த காலத்தில், இப்படி ஒரு கேஸை முதலிலிருந்து கடைசிவரை தமிழில் யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அதனால்தான் முழுசாக எழுதுகிறேன். டிபர்சனலைசேஷன், அதாவது தன்னிடமிருந்தே விலகி நிற்கிற மாதிரியான உணர்வு, என்றாலே பதற்றம், மன அழுத்தம், சின்ன வயசில் பட்ட காயம் என்றுதான் எல்லா இடத்திலும் இருக்கும். பலருக்கு அதுதான் காரணமும். என் விஷயத்தில் வலது உள்காதின் சமநிலை நரம்பு பழுதாகியிருந்தது. அதைக் கண்டுபிடிக்க இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது, நடுவில் எனக்கு மனச்சிதைவு ஆரம்பம் என்று சொல்லி மாத்திரையும் கொடுத்தார்கள்.

முதலில் நான் யார் என்பது. பெண், நோய் தொடங்கும்போது வயது 41. பிறந்தது வளர்ந்தது தாராவி, அப்பா அம்மா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மும்பைக்கு வந்தவர்கள். கல்யாணத்துக்கு அப்புறம் டோம்பிவிலி. தமிழ் வழிப் பள்ளி ஒன்றில் ஆசிரியை, தினமும் லோக்கலில் குர்லா வந்து வண்டி மாறி சயானில் இறங்குவேன். சர்க்கரை இல்லை, பிபி இல்லை, எந்தப் போதைப் பழக்கமும் இல்லை. அதற்கு முன்னால் மனநலப் பிரச்சினை எதற்கும் மருத்துவரிடம் போனதில்லை, குடும்பத்திலும் யாருக்கும் இல்லை.

தொடக்கம் எல்லாருக்கும் வருகிற சளி காய்ச்சல். அது விட்டு சில நாளில் ஒரு காலை படுக்கையிலிருந்து எழுந்தால் அறை சுற்றுகிறது. தலைசுற்றல் என்று நாம் சாதாரணமாகச் சொல்கிற கிறுகிறுப்பு இல்லை, சுவரும் மின்விசிறியும் நிஜமாகவே ஒரு பக்கமாக ஓடிக்கொண்டே இருந்தன, கண்ணை மூடினாலும் நிற்கவில்லை. வாந்தி. இடது பக்கமாகப் படுத்தால் மட்டும் கொஞ்சம் தாங்கும். காது நன்றாகக் கேட்டது, இரைச்சல் இல்லை. பக்கத்துக் கிளினிக்கில் ஊசி போட்டு, வெளியில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை, பித்தம் என்றார்கள். மூன்று நாளில் சுற்றல் அடங்கியது. அடுத்த வாரம் சுவரைப் பிடித்துப் பிடித்துப் பள்ளிக்குப் போய்விட்டேன். எல்லாருக்கும் அது முடிந்துபோன விஷயம்.

அதற்குப் பிறகு வந்ததைச் சொல்வதுதான் கஷ்டம். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருப்பேன், சாக்பீஸ் பிடித்திருக்கிற கை என் கைதான் என்று தெரியும், ஆனால் அது என்னுடையது என்ற உணர்வு மட்டும் இருக்காது. பிள்ளைகள் பக்கம் திரும்பிப் பாடம் நடத்தினால் என் குரல் வகுப்பின் வேறு ஏதோ மூலையிலிருந்து வருகிற மாதிரி இருக்கும். நான் எனக்குக் கொஞ்சம் பின்னால், கொஞ்சம் மேலே நின்றுகொண்டு பார்க்கிறேன் என்று தோன்றும். சயானில் நிற்கும்போது நிற்காத வண்டி ஒன்று பாய்ந்து போனால், அது போன பிறகும் நெடுநேரம் பிளாட்பாரமும் ஆட்களும் நிஜமாக இல்லை. வீட்டில் மகன் ஓடி வந்து கட்டிக்கொள்வான், அவன் என் பிள்ளை என்று தெரிகிறது, அவன் பாரம் என் மேல் படுகிறது, ஆனால் அந்தக் கட்டிக்கொள்ளல் எனக்கு நடக்கவில்லை. இதை எழுதும்போதும் வயிறு கலங்குகிறது.

அம்மா முதல் நாளே கண்டுபிடித்தாள். "ஏட்டி, என்னட்டி ஒரு மாதிரி இருக்கே, ஆளு இங்க இருக்கே, நீ இங்க இல்லையே" என்றாள். அவள் பார்வையில் அது பயந்த கோளாறு. திருநீறு போட்டு ஊதிவிட ஆளைக் கூட்டி வந்தாள். அதில் எனக்கு வருத்தமே இல்லை. என் முகத்தைப் பார்த்தே ஏதோ மாறிவிட்டது என்று நம்பிய முதல் ஆள் அவள்தான்.

மருத்துவர்கள் பக்கம் சுருக்கமாகச் சொல்கிறேன். பொது மருத்துவர் ரத்தம் பார்த்தார். ஹீமோகுளோபின், தைராய்டு, பி12 எல்லாம் சரியாக இருந்தது. பதற்றம் என்று குளோனசெபம் எழுதினார். தலை லேசாக இருக்கிறது என்றதும் புரோகுளோர்பெரசினும் சேர்ந்தது, அது தீரத் தீர மருந்துக்கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்றாகிவிட்டது. எம்ஆர்ஐ எடுத்தோம், நார்மல். அந்த நார்மல்தான் என்னை நேராக மனநலப் பிரிவுக்குத் தள்ளியது. அங்கே ஒருவர் டிபர்சனலைசேஷன் என்று சரியாகவே பெயர் சொன்னார், ஆனால் ஏன் வந்தது என்ற கேள்வி அந்தப் பெயரோடு நின்றுபோனது. இன்னொரு இடத்தில், கை என்னுடையது மாதிரி இல்லை, நான் வெளியே நிற்கிறேன் என்று நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு, ஐந்து நிமிஷத்தில் மனச்சிதைவின் தொடக்கம் என்று முடிவு செய்து ரிஸ்பெரிடோன் கொடுத்தார்கள். டிபர்சனலைசேஷன் உள்ளவருக்குத் தன் கை தன்னுடையதுதான் என்ற அறிவு அப்படியே இருக்கும், உணர்வுதான் போயிருக்கும். இந்த ஒரு வித்தியாசத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள இன்னும் இரண்டு நிமிஷம் போதும். யாரும் கேட்கவில்லை.

ரிஸ்பெரிடோன், புரோகுளோர்பெரசின் இரண்டுமே மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைத் தடுக்கிறவை. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டதில் என் கை மெதுவாகிவிட்டது, பலகையில் எழுத்து சிறுத்தது, மாதவிடாய் நின்றது, பகலெல்லாம் தூக்கம். நோய் முற்றுகிறது என்று அதற்கும் அர்த்தம் சொன்னார்கள். மருந்தின் விளைவு நோயின் கணக்கில் ஏறியது. இந்தக் கேஸில் எனக்கு மிகவும் கோபம் வருகிற இடம் இதுதான்.

திருப்பம் ஒரு மனநல மருத்துவரிடமிருந்துதான் வந்தது, இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அவர் என்ன உணர்கிறாய் என்று கேட்பதோடு நிற்காமல், எப்போது வருகிறது, அந்த நேரத்தில் தலை என்ன செய்துகொண்டிருந்தது, கண் எதைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று கேட்டார். ஒரு நோட்டில் எழுதி வரச் சொன்னார். எழுத ஆரம்பித்ததும் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. பலகையிலிருந்து வகுப்புக்குத் திரும்பும்போது, அதுவும் வலப்பக்கமாக வேகமாகத் திரும்பினால். தாதர் நடைமேம்பாலத்தில் எதிரே கூட்டம் வரும்போது. கடையில் இரண்டு பக்கமும் அலமாரி நிறைந்த நடைவழியில். கட்டம் போட்ட தரையில். மொபைலில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும்போது. கண்ணை மூடித் தலைக்கு ஊற்றும்போது. பக்கம் பக்கமாக இவைதான். வராத நேரங்களையும் எழுதச் சொல்லியிருந்தார். மாமனாரை ஐசியூவில் சேர்த்த இரவு முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன், அன்றைக்கு வரவில்லை. வீட்டில் பெரிய சண்டை நடந்த நாளும் வரவில்லை. மனசு கலங்கியபோது வராமல், தலையோ கண்முன் காட்சியோ அசைந்தபோது மட்டும் வருகிற ஒன்று.

கூடவே இன்னொன்றும் நோட்டில் இருந்தது. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், "டீச்சர், நீங்க ஏன் கழுத்தத் திருப்பாம முழுசாத் திரும்புறீங்க?" என்று கேட்டிருந்தான். என்னை அறியாமலே தலையும் தோளும் சேர்ந்தாற்போல் திரும்பிக்கொண்டிருந்தேன். சமநிலைக் கோளாறு உள்ளவர்கள் இப்படித் திரும்புவது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். அந்தக் குழந்தைக்கு நான் என்றென்றும் கடமைப்பட்டவள்.

அந்த மருத்துவர் என் வயதையும் ஒரு காரணமாகச் சொன்னார். மனநல நோய்களை வகைப்படுத்த உலகம் முழுக்கப் பயன்படும் டிஎஸ்எம்-5, 2013-இல் வந்தது, அதிலேயே இருக்கிறதாம்: டிபர்சனலைசேஷன் கோளாறு சராசரியாக 16 வயதில் தொடங்குகிறது, 25-க்கு மேல் தொடங்குவது 5 சதவீதம்தான், 40-க்கு மேல் முதல்முறை வந்தால் உடம்பில் ஏதாவது காரணம் இருக்கிறதா என்று தேட வேண்டும். எனக்கு 41. முன்பு பார்த்தவர்கள் அத்தனை பேருக்கும் என் வயது சீட்டிலேயே இருந்தது.

இரண்டு வழியாகத் தேடினார். மூளையின் டெம்போரல் மடலில் வருகிற சின்ன வலிப்புகளும் இதே உணர்வைத் தரும் என்று, மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்கிற இஇஜி எடுக்கச் சொன்னார், தூக்கத்திலும் விழிப்பிலும் சரியாக இருந்தது. இன்னொரு பக்கம் காது மூக்கு தொண்டைப் பிரிவில் சமநிலை பார்க்கிறவரிடம் அனுப்பினார். அவர் கேட்ட முதல் கேள்வி: "இதெல்லாம் தொடங்குவதற்கு முன்னால் என்றைக்காவது அறை சுற்றி வாந்தி எடுத்தீர்களா?" அதுவரை யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

பரிசோதனை மேஜையிலேயே பாதி தெரிந்துவிட்டது. அவர் மூக்கைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்லி என் தலையைச் சடக்கென்று ஒரு பக்கம் திருப்பினார். இடப்பக்கம் திருப்பினால் என் கண் அவர் மூக்கிலேயே நிற்கிறது, வலப்பக்கம் திருப்பினால் கண் தலையோடு போய்விட்டு அப்புறம் குதித்துத் திரும்புகிறது. 1988-இல் சிட்னியில் ஹால்மாகி, கர்தாய்ஸ் என்ற இருவர் விவரித்த பரிசோதனை, கருவி எதுவும் வேண்டாம். கண்ணை மூடி நின்ற இடத்தில் மார்ச் பண்ணச் சொன்னார். நேராக நிற்பதாகத்தான் நினைத்தேன், கண்ணைத் திறந்தால் வலப்பக்கச் சுவரைப் பார்த்து நிற்கிறேன். பிறகு கண்ணாடியில் கேமரா பொருத்தி அதே தலைத் திருப்பலை அளந்தார்கள். கண்ணும் தலையும் ஒன்றுக்கொன்று ஈடுகொடுத்தால் 1-ஐ ஒட்டி வர வேண்டும். இடது 0.95, வலது 0.41. காதில் 30 டிகிரி குளிர்ந்த நீரும் 44 டிகிரி வெதுவெதுப்பான நீரும் விடும் கலோரிக் பரிசோதனையிலும் வலது பக்கம் மிகவும் பலவீனம். கேட்கும் திறன் இரண்டிலும் சரி. காதுநரம்பில் கட்டி இருக்கிறதா என்று உள்காதை மட்டும் நுணுக்கமாகப் பார்க்கிற எம்ஆர்ஐ, அதுவும் சரி.

முடிவு: அந்தக் காய்ச்சலுக்குப் பின் வந்தது வெஸ்டிபுலர் நியூரைட்டிஸ், சமநிலை நரம்பின் அழற்சி, பெரும்பாலும் வைரஸால் வருவதாகக் கருதப்படுகிறது. அழற்சி போய்விட்டது, நரம்பு முழுசாகத் திரும்பவில்லை. அதோடு பார்வையை அளவுக்கு மீறி நம்பி நிற்கிற பழக்கம் மூளைக்கு ஏறியிருந்தது. சமநிலைக் கோளாறுகளை ஆராய்கிற மருத்துவர்களின் உலக அமைப்பான பாரனி சங்கம் 2017-இல் வரையறுத்த நீடித்த தலைசுற்றல் வகை ஒன்றோடு அது பொருந்துகிறது என்றார். வழக்கமான எம்ஆர்ஐயில் இது தெரியாது. எம்ஆர்ஐ நார்மல் என்றால் கட்டி, பக்கவாதம் போன்றவை இல்லை என்றுதான் பொருள், உடம்பில் ஒன்றுமே இல்லை என்று பொருள் கிடையாது.

சரி, காதில் நரம்பு பழுதானால் கை ஏன் அந்நியமாக வேண்டும்? இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது, அதனால் கொஞ்சம் விரிவாக.

இரண்டு உள்காதிலும் தலை சுழல்வதை அறிய மூன்று அரைவட்டக் குழாய்களும், சாய்வையும் நேர்கோட்டு அசைவையும் அறிய இரண்டு சின்னப் பைகளும் இருக்கின்றன. நாம் சும்மா இருக்கும்போதும் இரண்டு பக்க நரம்பும் சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கும். வலப்பக்கம் திரும்பினால் வலது கூடும், இடது குறையும், மூளை தராசு மாதிரி வித்தியாசத்தைப் படிக்கும். ஒரு தட்டு காலியானால், படுத்துக் கிடக்கும்போதும் சுற்றுவதாகவே மூளை நினைக்கிறது. முதல் நாள் அறை சுற்றியது அதனால்தான். சில நாளில் மூளை அந்தக் கணக்கைச் சரிக்கட்டிவிடும், சும்மா இருந்தால் சுற்றாது. ஆனால் வேகமான அசைவுக்கான கணக்கு அவ்வளவு சீக்கிரம் சரியாகாது.

நீங்களே செய்து பார்க்கலாம். மொபைலை அசையாமல் பிடித்துக்கொண்டு தலையை இடமும் வலமும் ஆட்டிப் படியுங்கள், எழுத்து தெளிவாக இருக்கும். இப்போது தலையை நிறுத்திவிட்டு அதே வேகத்தில் மொபைலை ஆட்டுங்கள், படிக்க முடியாது. முதல் தடவை படிக்க முடிந்தது உள்காதின் வேலை: தலை திரும்பி நூறில் ஒரு விநாடிக்குள் கண்ணை எதிர்ப்பக்கம் நகர்த்திவிடுகிறது. எனக்கு வலப்பக்கம் அந்த வேலை நடக்கவில்லை. ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் உலகம் லேசாக வழுக்கியது. அதை நான் மங்கல் என்று உணரவில்லை, உலகம் பொய் என்று உணர்ந்தேன்.

நான் என் உடம்புக்குள், இந்த இடத்தில் இருக்கிறேன் என்ற உணர்வையே மூளை பல செய்திகளைச் சேர்த்துத்தான் உண்டாக்குகிறது: கண் சொல்வது, தசையும் மூட்டும் சொல்வது, உள்காது சொல்வது. இவை சந்திக்கிற இடங்களில் ஒன்று காதுக்கு மேலே டெம்போரல் மடலும் பெரைட்டல் மடலும் கூடும் பகுதி. 2002-இல் ஓலாஃப் பிளாங்க் குழு ஜெனீவாவில் ஒரு வலிப்பு நோயாளிக்கு அதன் அருகே மின்தூண்டல் கொடுத்தபோது, அவர் தன் உடம்பை மேலிருந்து பார்ப்பதாகச் சொன்னார். உள்காது நோய்க்கும் டிபர்சனலைசேஷனுக்கும் உள்ள தொடர்பைப் பால் ஷில்டர் என்ற மனநல மருத்துவர் 1930-களிலேயே எழுதியிருக்கிறார். 2006-இல் வெளியான ஆய்வு ஒன்றில், உள்காது நோயாளிகளிடம் இந்த உணர்வுகள் மற்றவர்களைவிட அதிகம் இருந்தன. ஆரோக்கியமானவர்களின் காதில் கலோரிக் தூண்டல் கொடுத்தபோது அவர்களுக்கும் தற்காலிகமாக வந்தன. எனக்குச் சொன்ன பெயரில் தவறில்லை, அந்தப் பெயர் ஒரு அறிகுறியின் பெயர்.

சிகிச்சையில் முதல் வேலை மருந்தைக் குறைப்பது. புரோகுளோர்பெரசின், சினாரிசின், குளோனசெபம் போன்றவை சமநிலைச் சமிக்ஞையை அமுக்குகின்றன. கடுமையாகச் சுற்றுகிற முதல் சில நாளுக்கு உதவும், அதற்கு மேல் தொடர்ந்தால் மூளை புதுக் கணக்குக் கற்பதைத் தாமதப்படுத்தும். இவ்வளவு காலமும் நான் சாப்பிட்டது என் குணமாதலையே பிடித்து வைத்திருந்தது. தயவுசெய்து இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக நிறுத்த வேண்டாம். குளோனசெபத்தைத் திடீரென்று விட்டால் வலிப்புகூட வரலாம். எனக்கு மருத்துவர் மேற்பார்வையில் மாதக்கணக்கில் துளித்துளியாகக் குறைத்தார்கள், ரிஸ்பெரிடோனும் அப்படியே.

அடுத்தது பயிற்சி. பிசியோதெரபிஸ்ட் ஒரு அட்டையில் பெரிசாக ஓர் எழுத்து எழுதச் சொன்னார், நான் "க" எழுதி பீரோவில் ஒட்டினேன். அதிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை இடமும் வலமும், மேலும் கீழும் ஆட்ட வேண்டும், எழுத்து மங்கத் தொடங்கும் வேகத்துக்குச் சற்றுக் கீழே. நாள்பட்ட கேஸுக்கு ஒரு நாளில் மூன்று தடவையாவது பிரித்து, மொத்தம் 20 நிமிஷமாவது செய்ய வேண்டும் என்பது அமெரிக்க பிசியோதெரபி வழிகாட்டுதல். பிறகு அட்டையைக் கையில் பிடித்து, தலை ஒரு பக்கம், அட்டை எதிர்ப்பக்கம். பிறகு நடந்துகொண்டே. பழைய மெத்தை நுரையின் மேல் கண்ணை மூடி நிற்பது, ஓடுகிற கோடுகளைத் திரையில் பார்ப்பது. கடைசியில் என்னைக் கவிழ்த்த இடங்களுக்கே திரும்பப் போவது: கூட்டம் குறைந்த நேரத்தில் தாதர் மேம்பாலம், பிறகு கூட்டமான நேரத்தில்.

முதல் சில வாரம் மோசமாகத்தான் இருந்தது, அதை யாரும் மறைக்கக் கூடாது. பயிற்சி முடிந்ததும் குமட்டும், உலகம் இன்னும் தூரமாகும். அரை மணிக்குள் அடங்கினால் அளவு சரி, நாள் முழுக்க நீடித்தால் குறை என்றார். பல நாள் நான் விட்டுவிடப் பார்த்தேன், என் வீட்டுக்காரர் பாத்திரம் கழுவுவதை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் நின்று விநாடி எண்ணுவார். மாதங்கள் போனபின் முதலில் சரியானது நடை. டிபர்சனலைசேஷன் கடைசியாகத்தான் போனது, ஒரே நாளில் போகவும் இல்லை. முதலில் வீட்டுக்குள் இல்லாமல் போனது, அப்புறம் வகுப்பில், அப்புறம் வண்டியில். கூட்டமான இடங்களைத் தவிர்க்கும் பயம் சமநிலை சரியான பிறகும் தனியாக இருந்தது. அதற்கு அதே மனநல மருத்துவரிடம் பேச்சு சிகிச்சை எடுத்தேன், அதுவும் உதவியது.

ஒரு வருஷம் கழித்து மறுபடி அளந்தபோது வலது பக்கம் 0.48. அதாவது நரம்பு அநேகமாக அப்படியேதான் இருக்கிறது, மூளைதான் அதை வைத்துக்கொண்டு வேலை செய்யக் கற்றுக்கொண்டது. தலை திரும்பி முடிவதற்குள்ளேயே கண் ஒரு சின்னத் தாவலில் இடத்தைப் பிடித்துவிடுவது கேமராப் பதிவில் தெரிந்தது. இப்போதும் காய்ச்சல் வந்தால், தூக்கம் கெட்டால், இருட்டில் நடந்தால் அந்தப் பழைய விலகல் எட்டிப் பார்க்கும். பயமில்லை, அட்டையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன்.

இந்த ஒரு கேஸை வைத்து எல்லா டிபர்சனலைசேஷனும் காதில்தான் இருக்கிறது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பீதித் தாக்குதல், மனச்சோர்வு, அதிர்ச்சி, கஞ்சா இவற்றால் வருவதுதான் அதிகம் பேசப்படுவதும் பார்க்கப்படுவதும், அவர்கள் வேதனை என்னுடையதைவிடக் குறைந்ததல்ல. மனசு வேறு காது வேறு என்று கோடு போடவும் முடியாது, சமநிலை மையங்களுக்கும் பயத்தைக் கையாளும் பகுதிகளுக்கும் நேரடி நரம்புத் தொடர்பு உண்டு. ஆனால் உங்களுக்கு இது 40-ஐ ஒட்டி முதல்முறை வந்திருந்தால், அசைவிலும் கூட்டத்திலும் கூடி, அசையாமல் உட்கார்ந்தால் குறைந்தால், முன்னால் எப்போதாவது அறை சுற்றிய நாள் இருந்தால், சமநிலை பரிசோதனை கேளுங்கள். திடீர்ச் சுற்றலோடு பேச்சு குழறினால், பார்வை இரண்டாகத் தெரிந்தால், நிற்கவே முடியாவிட்டால் அது பக்கவாதமாக இருக்கலாம், அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இன்னும் முடியாத வேலை ஒன்று இருக்கிறது. பழைய சீட்டுகளில் மனச்சிதைவு என்ற சொல் அப்படியே கிடக்கிறது, மருத்துவக் காப்பீட்டுப் படிவத்தில் முன்நோய் கேட்கும்போதெல்லாம் அது எழுந்து வருகிறது. என் நோயின் காரணத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வைத்த மனநல மருத்துவர், முந்தைய நோயறிதல் பொருந்தாது, காரணம் வலது சமநிலை நரம்புப் பழுது என்று தேதியோடு, பரிசோதனை எண்களோடு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதன் நகலை ஒவ்வொரு பழைய சீட்டோடும் சேர்த்துப் பின் பண்ணி வைத்திருக்கிறேன். தவறான பெயர் சூட்டப்பட்டு மீண்டவர்கள் இப்படி ஒரு கடிதத்தை அந்த மருத்துவர் இருக்கும்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.